சென்னை எவ்வளவு தூரம்?

கோலாலம்பூரிலிருந்து சென்னை எவ்வளவு தூரத்தில் உள்ளது? கேட்பதற்கு எளிமையான இக்கேள்விக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் உள்ளன. "சுமார் 2,600 கிலோமீட்டர்" என்பது ஒரு விடை. "விமானத்தில் ஏறக்குறைய நான்கு மணி நேரம்" என்பது இன்னொரு விடை. கிள்ளானில் வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டுத் தஞ்சாவூரில் உறவினர் வீட்டு வாசலை மிதிக்கும் பயணியோ "ஒரு நாளில் பெரும்பகுதி" என்பார். இம்மூன்று விடைகளும் சரியானவையே. முதலாவது தூரத்தை அளக்கிறது. இரண்டாவது பறக்கும் நேரத்தை அளக்கிறது. மூன்றாவது பயணத்தை முழுமையாக அளக்கிறது. இவற்றை வேறுபடுத்தி அறியாதவர்கள், வந்து சேரும் நேரத்தைத் தவறாகக் கணக்கிட்டுவிடுகின்றனர். அடுத்த இரயிலையோ விமானத்தையோ தவறவிடுகின்றனர். திருமணம், இறுதிச் சடங்கு போன்ற காரணங்களுக்காகப் பயணம் மேற்கொள்வோருக்கு இத்தகைய தவறு பேரிழப்பாக அமையக்கூடும்.

கடல்வழியில் கழிந்த நாள்கள்

தமிழகத்துக்கும் மலாயாத் தீபகற்பத்துக்கும் இடையிலான போக்குவரத்து மிகப் பழைமையானது. பாய்மரக் கப்பல்களின் காலத்தில் பயண நேரத்தைத் தீர்மானித்தது தூரமன்று, காற்றே. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கப்பல்கள் வங்கக் கடலைக் கடந்து கிழக்கே வந்தன. திரும்பிச் செல்ல வடகிழக்குப் பருவக்காற்றுக்காகக் காத்திருந்தன. இன்று கெடா எனப்படும் கடாரத்தின் மீது முதலாம் இராஜேந்திர சோழனின் கடற்படை ஏறத்தாழ 1025ஆம் ஆண்டில் படையெடுத்தது. அக்காலத்தில் ஒருவர் கடல் கடந்து சென்று திரும்புவதற்குப் பல மாதங்கள் ஆயின.

நீராவிக் கப்பல்கள் வந்த பின்னர் இந்நிலை மாறியது. காற்றின் திசைக்காகக் காத்திருக்க வேண்டிய தேவை குறைந்தது. 1926ஆம் ஆண்டில் கட்டப்பட்ட 'ரஜுலா' என்னும் கப்பலை மலேசியத் தமிழர்களின் மூத்த தலைமுறையினர் இன்றும் நினைவுகூர்கின்றனர். சென்னையிலிருந்து புறப்பட்ட அக்கப்பல், நாகப்பட்டினத்தில் பயணிகளை ஏற்றிக்கொண்டு பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் ஆகிய துறைமுகங்களுக்கு வந்தது. போர்ட் சுவெட்டன்ஹாம் என்பதே 1972ஆம் ஆண்டு முதல் கிள்ளான் துறைமுகம் என வழங்கப்படுகிறது. 

இப்பயணம் ஏன் ஏறக்குறைய ஒரு வாரம் நீடித்தது என்பதை எளிய கணக்கின் வழி அறியலாம். மணிக்கு 22 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஒரு கப்பல், 2,600 கிலோமீட்டரை இடைவிடாமல் கடக்க 118 மணி நேரம், அதாவது ஏறக்குறைய ஐந்து நாள்கள் ஆகும். கடல்வழி நேர்க்கோட்டில் அமைவதில்லை. வழியிலுள்ள துறைமுகங்களில் ஆள்களும் சரக்குகளும் ஏறி இறங்கவும் நேரம் தேவை. இவற்றையெல்லாம் சேர்த்தால் ஒரு வாரம் என்பது வியப்புக்குரியதன்று.

அந்த ஒரு வாரத்தின் விளைவுகள் பெரியவை. ரப்பர்த் தோட்டங்களில் வேலை செய்தவர்களுக்கு, ஊரில் தாயோ தந்தையோ இறந்த செய்தி தந்தியில் வந்தாலும், கப்பலேறி ஊர்போய்ச் சேர்வதற்குள் ஈமச் சடங்கு முடிந்துவிட்டிருக்கும். செலவும் நாள்களும் சேர்ந்து, பலரைத் தாய்நாட்டுக்குத் திரும்பவே முடியாதபடி செய்தன.

ரஜுலாவுக்குப் பிறகு 'சிதம்பரம்' என்னும் கப்பல் இவ்வழியில் இயங்கியது. 1985ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் நடுக்கடலில் அக்கப்பலில் தீப்பிடித்து உயிர்ச்சேதம் ஏற்பட்டது. அத்துடன் அப்பயணிகள் சேவை முடிவுற்றது. அதற்கு முன்பே விமானப் பயணம் பரவத் தொடங்கியிருந்தது.

வானில் ஒரு வளைகோடு

வரைபடத்தில் இரு நகரங்களைக் கோலால் இணைத்து அளந்தால் கிடைப்பது சரியான தூரமாக இருப்பதில்லை. பூமி உருண்டை வடிவானது, வரைபடமோ தட்டையானது. உருண்டையைத் தட்டையாக விரிக்கும்போது சில பகுதிகள் இழுபட்டுப் பெரிதாகிவிடுகின்றன. ஆகவே, உண்மையான குறுகிய வழியை அறிய பூகோள உருண்டையே ஏற்றது. உருண்டையின் மீது இரு நகரங்களுக்கிடையே ஒரு நூலை இறுக்கிப் பிடித்தால், அந்நூல் செல்லும் பாதையே மிகக் குறுகிய பாதையாகும். இதனைப் பெருவட்டப் பாதை என்பர்.

கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் சிப்பாங்கில் உள்ளது. அங்கிருந்து சென்னை விமான நிலையம் வரையிலான பெருவட்டத் தூரம் ஏறக்குறைய 2,630 கிலோமீட்டர் ஆகும். இப்பாதை வடமேற்குத் திசையில் மலாக்கா நீரிணையைக் கடந்து, சுமத்ராத் தீவின் வடமுனை, நிக்கோபார்த் தீவுகள் ஆகியவற்றின் அருகே சென்று, பின்னர் வங்கக் கடலின் மேல் நீள்கிறது. பயணத்தின் பிற்பாதியில் சன்னல் வழியே கடலும் மேகமும் மட்டுமே தெரிவதற்குக் காரணம் இதுவே.

இரு நகரங்களும் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால், இப்பாதையின் வளைவு தட்டையான வரைபடத்தில் அதிகம் புலப்படாது. கோலாலம்பூரிலிருந்து இலண்டனுக்குச் செல்லும் வழியைப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். இவ்விரு நகரங்களுக்கிடையே உள்ள பெருவட்டத் தூரம் சுமார் 10,600 கிலோமீட்டர். தட்டையான வரைபடத்தில் நேர்க்கோடு வரைந்தால் அது அரபு நாடுகளின் பக்கமாகச் செல்லும். உருண்டையில் நூலைப் பிடித்தாலோ அது வடக்கே வளைந்து மத்திய ஆசியாவைத் தொட்டுச் செல்லும்.

ஆனால், குறுகிய பாதையில்தான் விமானங்கள் எப்போதும் பறக்கின்றன என்று கூற முடியாது. புயல், எரிமலைச் சாம்பல், இராணுவப் பயிற்சி, போர் முதலியவற்றால் வான்வெளியின் சில பகுதிகள் மூடப்படுகின்றன. இதன் முக்கியத்துவத்தை மலேசியர்கள் மறக்க இயலாது. 2014ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள், ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூருக்கு வந்துகொண்டிருந்த எம்.எச்.17 விமானம் கிழக்கு உக்ரேனின் வான்வெளியில் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த 298 பேரும் உயிரிழந்தனர். 2022ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் போர் மூண்டதிலிருந்து உக்ரேனின் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டுள்ளது. பாதுகாப்புக்காக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சுற்றிச் செல்வது காலவிரயமன்று. அது பயணத்தின் ஒரு பகுதியே ஆகும்.

பறக்கும் நேரம் எவ்வாறு கணக்கிடப்படுகிறது?

பயணிகள் விமானம் ஒன்று உச்ச உயரத்தை அடைந்த பின் மணிக்கு ஏறக்குறைய 800 முதல் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். 2,630 கிலோமீட்டரை மணிக்கு 840 கிலோமீட்டர் என்னும் வேகத்தால் வகுத்தால், ஏறத்தாழ 3 மணி 8 நிமிடம் கிடைக்கிறது. ஆனால், பயணச்சீட்டில் குறிப்பிடப்படும் நேரமோ நான்கு மணி நேரத்தை ஒட்டியிருக்கிறது. எஞ்சிய நேரம் எங்கே போனது?

விமானம் முனையத்திலிருந்து பின்னோக்கித் தள்ளப்படும் நேரம் முதல், சேருமிடத்தில் முனையத்தை அடைந்து நிற்கும் நேரம் வரை உள்ள கால அளவே பயணச்சீட்டில் இடம்பெறுகிறது. ஓடுபாதையை நோக்கி ஊர்ந்து செல்வதற்கும், தன் முறை வரும்வரை காத்திருப்பதற்கும் பல நிமிடங்கள் ஆகலாம். மேலெழும்பும்போதும் கீழிறங்கும்போதும் விமானத்தின் வேகம் குறைவு. சேருமிடத்தில் பல விமானங்கள் ஒரே நேரத்தில் வந்தால், சில விமானங்கள் வானில் வட்டமிட்டுக் காத்திருக்கவும் நேரும். விமான நிறுவனங்கள் இவற்றையெல்லாம் கருத்தில் கொண்டே கால அட்டவணையைத் தயாரிக்கின்றன.

இதே முன்னெச்சரிக்கை எரிபொருளிலும் பின்பற்றப்படுகிறது. சென்னை சேர்வதற்குத் தேவையான எரிபொருளை மட்டும் நிரப்பிக்கொண்டு விமானம் புறப்படுவதில்லை. சென்னையில் தரையிறங்க முடியாமற்போனால் வேறொரு விமான நிலையத்துக்குச் செல்வதற்கும், அதற்கு மேல் குறைந்தது 30 நிமிடங்கள் வானில் தாக்குப்பிடிப்பதற்கும் வேண்டிய எரிபொருள் ஜெட் விமானங்களில் இருக்க வேண்டும் என்பது அனைத்துலக விதியாகும்.

காற்றும் பறக்கும் நேரத்தை மாற்றுகிறது. நடு அட்சரேகைப் பகுதிகளில், தரையிலிருந்து ஏறக்குறைய 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வலுவான காற்றோட்டம் உண்டு. இதனைத் தாரைக் காற்றோட்டம் என்பர். கோலாலம்பூரிலிருந்து இலண்டன் செல்லும் விமானம் இதனை எதிர்த்துப் பறக்க வேண்டியுள்ளது. திரும்பி வரும் விமானமோ இதன் துணையைப் பெறுகிறது. ஆகவே, போகும் பயணத்தைவிட வரும் பயணம் பெரும்பாலும் குறுகியதாக அமைகிறது.

கடிகாரம் காட்டும் மாயம்

சிப்பாங்கிலிருந்து காலை மணி 10.00க்குப் புறப்படும் விமானம், நான்கு மணி நேரம் பறந்து சென்னையை அடைவதாகக் கொள்க. அப்போது சென்னையில் மணி என்ன? மலேசிய நேரம் பிற்பகல் மணி 2.00. இந்திய நேரமோ மலேசிய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. எனவே, சென்னையில் முற்பகல் மணி 11.30 ஆகியிருக்கும். புறப்பாடு 10.00, வருகை 11.30 எனப் பயணச்சீட்டில் காண்பவர், ஒன்றரை மணி நேரப் பயணம் என்று எண்ணிவிடக்கூடும்.

திரும்பும்போது இதற்கு நேர்மாறாக நிகழ்கிறது. சென்னையில் நண்பகல் 12.30க்குப் புறப்பட்டு நான்கு மணி நேரம் பறந்தால், இந்திய நேரம் மாலை 4.30. மலேசியாவில் அப்போது இரவு மணி 7.00. கடிகாரத்தை மட்டும் பார்ப்பவருக்கு ஆறரை மணி நேரம் பறந்ததுபோல் தோன்றும். பயணச்சீட்டில் உள்ள புறப்பாட்டு நேரமும் வருகை நேரமும் அந்தந்த ஊரின் நேரத்தையே குறிக்கும் என்பதை நினைவில் கொண்டால் இக்குழப்பம் நேராது.

இந்த இரண்டரை மணி நேர வேறுபாடு எவ்வாறு வந்தது? பூமி தன்னைத் தானே ஒரு முறை சுற்றிவர 24 மணி நேரம் ஆகிறது. 360 பாகைகளை 24ஆல் வகுத்தால், ஒரு மணி நேரத்துக்கு 15 பாகை, அதாவது ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்றாகிறது. சென்னை கிழக்குத் தீர்க்கரேகை 80.3 பாகையிலும் கோலாலம்பூர் 101.7 பாகையிலும் உள்ளன. வேறுபாடு 21.4 பாகை. இதனை 4ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 86 நிமிடங்கள் வருகின்றன. சூரியனின் கணக்குப்படி இரு நகரங்களுக்கும் உள்ள நேர வேறுபாடு ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவே!

எஞ்சிய ஒரு மணி நேரத்துக்கும் மேற்பட்ட வேறுபாடு மனிதர்கள் வகுத்துக்கொண்டதாகும். ஒரு நாடு முழுவதும் ஒரே நேரம் வேண்டும் என்பதற்காக அரசாங்கம் ஒரு தீர்க்கரேகையைத் தேர்ந்தெடுக்கிறது. இந்தியா 82.5 பாகையைத் தேர்ந்தெடுத்துள்ளது. மலேசியாவின் நேரமோ 120 பாகைக்கு உரியது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு 37.5 பாகை, அதாவது 150 நிமிடங்கள். இதுவே இரண்டரை மணி நேரம்.

1981ஆம் ஆண்டின் இறுதிவரை தீபகற்ப மலேசியாவின் நேரம் சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தைவிட அரை மணி நேரம் பின்தங்கியிருந்தது. நாடு முழுவதும் ஒரே நேரத்தைப் பின்பற்ற வேண்டும் என்னும் நோக்கில், 1982ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் பிறந்தபோது தீபகற்பத்தின் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னோக்கி நகர்த்தப்பட்டன. அதற்கு முன் கோலாலம்பூருக்கும் சென்னைக்கும் இடையே இருந்த வேறுபாடு இரண்டு மணி நேரம் மட்டுமே. நகரங்கள் இடம் மாறவில்லை. நேர வேறுபாடு மட்டும் மாறியது.

இங்கிலாந்தைப் போன்ற நாடுகளில் ஆண்டுக்கு இருமுறை கடிகாரம் மாற்றப்படுகிறது. அதனால் கோலாலம்பூருக்கும் இலண்டனுக்கும் உள்ள வேறுபாடு குளிர்காலத்தில் எட்டு மணி நேரமாகவும் கோடைக்காலத்தில் ஏழு மணி நேரமாகவும் இருக்கிறது. குளிர்காலத்தில் இரவு மணி 11.00க்குச் சிப்பாங்கிலிருந்து புறப்பட்டு 14 மணி நேரம் பறக்கும் பயணி, மறுநாள் அதிகாலை மணி 5.00க்கு இலண்டனில் இறங்குவார். அவருடைய உடலோ பிற்பகல் மணி 1.00 ஆகிவிட்டதாகவே உணரும். பசியும் தூக்கமும் புதிய ஊரின் கடிகாரத்துக்குப் பழகச் சில நாள்கள் ஆகின்றன.

வீட்டு வாசல் முதல் வீட்டு வாசல் வரை

விமானம் எவ்வளவு வேகமாகப் பறந்தாலும், பயணம் ஓடுபாதையில் தொடங்கி ஓடுபாதையில் முடிவதில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கு மக்களின் அனுபவமே இதற்குச் சான்று. 1965ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட சுபாங் விமான நிலையம் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையில் அமைந்திருந்தது. 1998ஆம் ஆண்டு ஜூன் மாதம் சிப்பாங்கில் புதிய விமான நிலையம் திறக்கப்பட்டது. சென்னைக்குப் பறக்கும் நேரம் அப்படியே இருந்தது. விமான நிலையத்துக்குச் செல்லும் நேரமோ கூடியது. 

இதனை ஈடுசெய்வதற்காகவே 2002ஆம் ஆண்டில் விரைவு இரயில் சேவை தொடங்கப்பட்டது. பிரிக்ஃபீல்ட்ஸில் முன்பு இரயில் தண்டவாளங்கள் நிறைந்த பணிமனை வளாகமாக விளங்கிய இடத்தில் கே.எல். சென்ட்ரல் நிலையம் எழுந்தது. அங்கிருந்து விமான நிலையம் வரையிலான 57 கிலோமீட்டரை அவ்விரைவு இரயில் ஏறக்குறைய அரை மணி நேரத்தில் கடக்கிறது. சாலை நெரிசல் மிகுந்த நேரங்களில் காரில் செல்வோர் இந்நேரத்துக்குள் சேர்வது கடினம்.

பயணத்தை முழுமையாகக் கணக்கிடுவது ஏன் இன்றியமையாதது என்பதைப் பின்வரும் சூழல் விளக்கும். கிள்ளானில் வாழும் ஒரு குடும்பத்துக்கு, தஞ்சாவூரில் பாட்டி காலமான செய்தி இரவில் வருகிறது. மறுநாள் இந்திய நேரம் மாலை மணி 4.00க்கு இறுதி ஊர்வலம். குடும்பத்தாரிடம் கடப்பிதழும் இந்தியாவுக்குச் செல்வதற்கான விசாவும் ஆயத்தமாக உள்ளன. காலை மணி 10.00க்குச் சென்னைக்கு ஒரு விமானம்; அதே நேரத்தில் திருச்சிராப்பள்ளிக்கும் ஒரு விமானம் இருப்பதாகக் கொள்க. எதில் செல்வது?

சிப்பாங்கிலிருந்து திருச்சிராப்பள்ளி ஏறக்குறைய 2,690 கிலோமீட்டர். சென்னையைவிட 60 கிலோமீட்டர் அதிகம். தூரத்தை மட்டும் பார்ப்பவர் சென்னையைத் தேர்ந்தெடுப்பார். ஆனால், முழுக் கணக்கு வேறு விடையைத் தருகிறது.

இரு வழிகளிலும் கிள்ளானிலிருந்து விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரம். அங்குப் பதிவு, பாதுகாப்புச் சோதனை, குடிநுழைவுச் சோதனை ஆகியவற்றுக்காக மூன்று மணி நேரம். பறக்க நான்கு மணி நேரம். ஆக, எட்டு மணி நேரம். சேருமிடத்தில் குடிநுழைவுச் சோதனையை முடித்துப் பெட்டிகளைப் பெற மேலும் ஒரு மணி நேரம். இதுவரை இரண்டும் சமம். மொத்தம் ஒன்பது மணி நேரம். வேறுபாடு இதற்குப் பிறகே தொடங்குகிறது. சென்னையிலிருந்து தஞ்சாவூர் ஏறக்குறைய 340 கிலோமீட்டர். சாலை வழியாக ஏழு மணி நேரம் என வைத்துக்கொள்ளலாம். திருச்சிராப்பள்ளியிலிருந்தோ சுமார் 60 கிலோமீட்டர்தான்; ஒன்றரை மணி நேரம் போதும்.

காலை மணி 6.00க்குக் கிள்ளானை விட்டுப் புறப்படும் குடும்பம், சென்னை வழியாகச் சென்றால் 16 மணி நேரம் கழித்து, மலேசிய நேரம் இரவு மணி 10.00க்கு, அதாவது இந்திய நேரம் இரவு மணி 7.30க்குத் தஞ்சாவூரை அடையும். திருச்சிராப்பள்ளி வழியாகச் சென்றால் பத்தரை மணி நேரம் கழித்து, மலேசிய நேரம் மாலை மணி 4.30க்கு, அதாவது இந்திய நேரம் பிற்பகல் மணி 2.00க்கே அடைந்துவிடும். ஒரு வழியில் சென்றவர்கள் பாட்டியின் முகத்தைக் கடைசியாக ஒரு முறை காண்பார்கள். மற்றொரு வழியில் சென்றவர்கள் வெறும் வீட்டையே காண்பார்கள். வானில் 60 கிலோமீட்டர் கூடுதலாகப் பறந்த விமானமே இங்குக் குறுகிய வழியாகிறது.

பயணம் திட்டமிடுவோர் அறிய வேண்டியவை

தொலைதூரப் பயணத்தைத் திட்டமிடுவோர் சிலவற்றை வரிசையாகக் கணக்கிட்டுப் பார்ப்பது நலம். முதலில், சேர வேண்டிய இடம் விமான நிலையமன்று, அதற்கப்பால் உள்ள ஊர் என்பதை மனத்தில் கொண்டு, அவ்வூருக்கு அருகிலுள்ள விமான நிலையத்தைத் தேட வேண்டும். அடுத்து, புறப்பாடு முதல் வருகை வரை அனைத்தையும் மலேசிய நேரத்திலேயே கணக்கிட்டு, இறுதியில் மட்டும் சேருமிடத்தின் நேரத்துக்கு மாற்ற வேண்டும். இடையிடையே மாற்றினால் பிழை நேரும். மூன்றாவதாக, வழியில் விமானம் மாற வேண்டியிருந்தால், முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததைப் பிடிக்கும் அளவுக்கு இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நேர வேறுபாட்டை அறிந்திருப்பது பயணம் செய்யாதவர்களுக்கும் பயன்தரும். கோலாலம்பூரில் காலை மணி 7.00க்குப் பள்ளிக்குப் புறப்படும் மாணவர், தமிழகத்திலுள்ள தாத்தாவைக் கைப்பேசியில் அழைத்தால், அங்கே மணி அதிகாலை 4.30 ஆகியிருக்கும். அந்நேரத்தில் ஒலிக்கும் தொலைபேசி, வீட்டிலுள்ளோரை ஏதோ துயரச் செய்தி என்று திடுக்கிட வைக்கும். அவ்வழைப்பை மாலைவரை ஒத்திவைப்பதே நல்லது.

பாய்மரக் கப்பல் கடந்ததும், ரஜுலா கடந்ததும், இன்றைய விமானம் கடப்பதும் அதே வங்கக் கடலைத்தான். கிலோமீட்டர் கணக்கில் சென்னை நெருங்கி வந்துவிடவில்லை. மாதங்களாக இருந்த பயணம் ஒரு வாரமாகி, இன்று ஒரே நாளுக்குள் அடங்கிவிட்டது. அந்த ஒரு நாளை எவ்வாறு செலவிடுவது என்பதைக் கணக்கிடும் பொறுப்பு மட்டும் பயணியிடமே உள்ளது.